மூலையில் விட்ட மேடு

சங்கராபுரம்
12-7-2025

அன்புள்ள மச்சான் விஜயராகவனுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். நீயும் நலம்தான் என்று நீ அனுப்பும் போட்டோக்களைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கடிதமா என்று சிரிக்காதே. போனில் சொன்னால் ‘சரிங்க மாமா, சரிங்க மாமா’ என்பாய், ஒன்றும் காதில் ஏறாது. ஒயரிங் படம் ஒன்று போட்டு இதோடு வைத்திருக்கிறேன். பெரும்பாவூரில் நீ வேலை பார்க்கும் மரப் பட்டறைச் சுவரில் ஒட்டி வை. அடுத்த கிட்டாருக்கு அதைப் பார்த்துக் குழி வெட்டு.

மே மாதம் லீவில் மலையில் உங்கள் அம்மா வீட்டுக்கு வந்து இருபது நாள் செதுக்கி, எலக்ட்ரிக் வேலையெல்லாம் நீங்களே முடித்துக் கொடுங்க மாமா என்று என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே அந்த பேஸ் கிட்டார், அதில் நீ செய்திருக்கும் தப்புகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் மரம். புளிய மரத்தில் எவனாவது கிட்டார் செய்வானா? கழுத்து சேர்க்காமலே நாலே முக்கால் கிலோ. அரை மணி நேரம் தோளில் மாட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும். பலாவோ வேம்போ கிடைக்கவில்லையா உனக்கு?

அடுத்து பிக்கப். கம்பி அதிர்வதை மின்சாரமாக மாற்றும் அந்தக் காந்தச் சுருளுக்கு நீ வெட்டிய குழி ரெண்டு மில்லிமீட்டர் ஆழம் கம்மி. கம்பியில் இடித்தது. ரெண்டு பிக்கப்புக்கும் நடுவில் ஒயர் போக வழியே வைக்கவில்லை. நீள டிரில் பிட் வாங்கி நான் துளைத்தேன். மோட்டார் காயில் கட்டுகிறவன் கடையில் இரண்டடி டிரில் பிட் எதற்கு என்று பக்கத்து டீக்கடை வெற்றிவேல் கேட்கிறான். உன் பெயரைச் சொன்னேன்.

இதையெல்லாம்கூட மன்னிப்பேன். திருகுக் குமிழ்கள் உட்காரும் பின்பக்கக் குழியில் மூலையில் ஒரு மேடு விட்டிருக்கிறாய் பார், அதுதான் சுத்த சோம்பேறித்தனம். கோழி முட்டை அளவு மரம், வெட்டாமல் அப்படியே நிற்கிறது. டோன் குமிழ் உட்காரவே இடமில்லை. போன் பண்ணிக் கேட்க எனக்குப் பொறுமையும் இல்லை. உளியை எடுத்துத் தட்டிவிட்டேன்.

தட்டினால் உள்ளே ஆணி! அட, எர்த்துக்காக நீயே அடித்து வைத்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று நினைத்தேன். எர்த் என்றால் உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன்: கம்பி, அதைத் தாங்கும் பிரிட்ஜ், குமிழ் என்று எல்லா உலோகத்திலிருந்தும் ஒயர் வந்து ஓரிடத்தில் சேர வேண்டும். சேராவிட்டால் ‘ம்ம்ம்ம்’ என்று கரண்ட் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஓரிடத்துக்கு இந்த ஆணி கச்சிதமாக இருந்தது. துரு மட்டும் ஜாஸ்தி. அதோடு கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தாய். பைப் மூட்டில் பிளம்பர்கள் சணல் சுற்றுவார்களே, அது மாதிரி. அது இருந்தால் ஈயம் ஒட்டாது. இடுக்கியால் இழுத்தேன், கொஞ்சம் வந்தது. மிச்சத்தை சால்டரிங் அயர்ன் வைத்துப் பொசுக்கினேன். துருவை அரத்தால் ராவி வெள்ளையாக்கி, ஐந்து ஒயரையும் அதில் சேர்த்துப் பற்றவைத்தேன்.

பொசுக்கும்போது கடை முழுக்க ஒரே நாற்றம். கடைக்குப் பின்னால்தானே வீடு, உன் அக்கா ஓடி வந்து, இன்னாங்க எரியுது என்றாள். உன் தம்பி மூளைதான் என்றேன். சிரித்தாள். உச்சந்தலையைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள்.

இப்போது நல்ல செய்தி. கழுத்தைப் பூட்டி, கம்பி கட்டி, ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன். ஒரு பொட்டு இரைச்சல் இல்லை. பிளக் குத்தியிருக்கிறதா என்று ரெண்டு தடவை பார்த்தேன். இந்த மாதிரி பிக்கப்பில் கொஞ்சமாவது இரையும், அதுதான் வழக்கம். இதில் கிணற்றுக்குள் தலையை விட்ட மாதிரி அமைதி. என் வேலையை நானே மெச்சிக்கொண்டேன்.

உளுந்தூர்பேட்டையில் பார்சல் ஆபீசில் அடுத்த வாரம் போட்டுவிடுகிறேன். உங்கள் குழுவின் கச்சேரிக்கு முன்னால் வந்துவிடும்.

வேறு விசேஷம் இல்லை. உன் அக்கா நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. என்ன கோபமோ தெரியவில்லை. நீயாவது கேட்டுச் சொல்.

இப்படிக்கு
உன் மாமா
க. இளஞ்செழியன்


சங்கராபுரம்
23-7-2025

விஜயராகவனுக்கு,

கடிதம் கிடைத்த அன்று போன் செய்தாய். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. மூலையில ஒரு மேடு இருந்துச்சே, அதத் தட்டிட்டீங்களா மாமா என்றாய். ஆமாம் என்றேன். கட் செய்துவிட்டாய். எட்டு நாளாக போனை எடுக்கவில்லை. இது என்ன மரியாதை? கோபமாக இருந்தால் திட்டு. திட்டினால் புரிந்துகொள்வேன்.

இதை ஏன் வாட்ஸ்அப்பில் போடவில்லை என்றால், நீ பார்க்கிறாயா என்பதே தெரியவில்லை. கையெழுத்துப் போட்டு வாங்குகிற தபால் என்றால் வாங்கித்தான் ஆக வேண்டும்.

தமிழ்ப்ரியா பேசவில்லை என்று எழுதியிருந்தேன். அது கோபமில்லை. கேட்டால் தலையைக்கூட ஆட்டுவதில்லை. சமைக்கிறாள், துணி துவைக்கிறாள், உட்காருகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தோளைத் தொட்டால் திரும்பிப் பார்க்கிறாள். கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப் போய் டாக்டரிடம் காட்டினேன். காது நன்றாக இருக்கிறது, தொண்டை நன்றாக இருக்கிறது, வீட்டில் ஏதும் சண்டையா என்று என்னைப் பார்த்தார். என் அம்மா களமருதூரிலிருந்து போன் செய்து, ஆடி மாசத்துல பொண்ண தாய் வூட்டுக்கு அனுப்பாம வெச்சிக்கினா அப்டித்தான்டா மூஞ்சத் தூக்குவா என்கிறார்கள். யாருக்கும் எதுவும் தெரியவில்லை, ஆனால் எல்லாருக்கும் பதில் தெரிகிறது.

இப்போது சனிக்கிழமை நடந்ததை எழுதுகிறேன். நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். எனக்குத் தோன்றியதை எதிலும் சேர்க்கவில்லை.

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஊருக்கே கரண்ட் இல்லை. கடையில் வேலை ஓடவில்லை. நீ போனில் அப்படிக் கேட்டது உறுத்திக்கொண்டே இருந்ததால் கிட்டாரைக் கவிழ்த்துப் பின்மூடியைத் திறந்தேன். அப்போதுதான் கவனித்தேன். குழியின் தரையில் உன் உளித்தடம் நேராக வருகிறது, அந்த மூலை வந்ததும் வளைந்து, சுற்றி, விலகிப் போகிறது. சோம்பேறித்தனமாக விட்டவன் தடம் அப்படி இருக்காது. ஆணி அங்கே இருப்பது உனக்குத் தெரியும்.

துருப்பிடித்த பழைய ஆணியில் நல்ல இணைப்பு நிற்காது, ஸ்க்ரூ போட்டு முறையாகச் செய்துவிடலாம் என்று ஐந்து ஒயரையும் கட்டரால் வெட்டி, ஒன்றாக முறுக்கிச் சேர்த்தேன். இதைக் கவனமாகப் படி. அந்த ஆணி எங்கும் போகவில்லை. மரத்துக்குள் ரெண்டு அங்குலம், அவ்வளவுதான். மின்சாரக் கணக்கில் அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று. ஒயர்கள் தங்களுக்குள் சேர்ந்திருந்தால் போதும்.

சோதிக்க, ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப்ளிஃபையரில் மாட்டினேன். இரைந்தது.

ஊரில் கரண்ட் இல்லை, விஜயராகவா. இரைச்சல் என்பதே கரண்ட் லைனிலிருந்து வருவது. லைன் செத்துக் கிடக்கும்போது எது இரையும்? பக்கத்தில் எவனாவது இன்வெர்ட்டர் ஓட்டுகிறானா என்று தெருக்கோடிவரை போய்ப் பார்த்தேன். ரைஸ் மில் பூட்டிக் கிடந்தது. கிட்டாரைத் தூக்கிக்கொண்டு பின்னால் காலி மனைக்குப் போனேன். அங்கேயும் அதே சத்தம், திரும்பிக் கடைக்கு வந்தும் அதே சத்தம். கரண்ட் இரைச்சல் ஒரே சுருதியில் நிற்கும். இது நிற்கவில்லை. மெல்ல ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. உங்கள் மலையில் இந்தச் சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குக் கூவிக் கூப்பிடுவீர்களே, ஒன்று நீளம், ஒன்று குட்டை, அந்த மாதிரி.

சமையல்கட்டிலிருந்து தமிழ்ப்ரியா, ஆங், வர்றன் என்றாள்.

எட்டு நாள் கழித்து முதல் பேச்சு. கிட்டாரை மேசையில் போட்டுவிட்டு ஓடினேன். அடுப்பு எரிகிறது, கல்லில் தோசை கருகுகிறது, பின்கதவு திறந்து கிடக்கிறது. மத்தியானம் பன்னிரண்டரை. செருப்பு வாசலில் இருந்தது.

ஏரிக்கரையில் எட்டிப் பிடித்தேன். மேற்கே பார்த்து நடந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, அவசரமே இல்லை. மாவுக் கை. எங்கே போகிறாய் என்று கேட்டேன். கூப்புட்றாங்க இல்ல என்றாள். யார் என்றேன். மழையில் நனைந்துகொண்டே மழை பெய்கிறதா என்று கேட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். கையைப் பிடித்து இழுத்தேன். நான் எழுபத்திரண்டு கிலோ. என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

ஒன்று மாறியதால் விளைவு மாறியது என்றால், மாற்றியதைப் பழையபடி வை. எனக்குத் தெரிந்த வழி இது ஒன்றுதான். வெற்றிவேலுக்குப் போன் போட்டு, என் கடைக்குப் போய் முதலில் ஆம்ப்ளிஃபையரை அணை என்றேன். அணைத்தான். அவள் நிற்கவில்லை. மேசையில் ரெண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த ஒயர் இருக்கும், ஒரு முனையை அந்த ஒயர் முடிச்சிலும் இன்னொன்றை ஆணியிலும் மாட்டு என்றேன். இன்னா அண்ணே, அண்ணி எங்கியோ போறாங்கன்றீங்க, கிட்டார்ல கிளிப்பு மாட்டச் சொல்றீங்க, வெயில்ல மண்ட காய்ஞ்சிப் போச்சா என்றான். மாட்டுடா என்று கத்தினேன்.

அவன் மாட்டிட்டேன் என்று சொன்னதும் அவள் நின்றாள். ஒரு கால் தரையில் இருந்தது, இன்னொரு கால் பாதி தூக்கியபடி நின்றது. அப்படியே நின்றாள். நான்தான் அந்தக் காலைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

கிட்டாரை நான் பார்சல் போடப் போவதில்லை. அந்த ஆணி என்ன என்று எழுது. எழுதப் பிடிக்கவில்லை என்றால் போன் செய். நான் சிரிக்க மாட்டேன்.

இப்படிக்கு
இளஞ்செழியன்


சங்கராபுரம்
31-7-2025

அன்புத் தம்பி விஜயராகவனுக்கு,

கையெழுத்து கோணலாக இருக்கும். ஒரு கையால் எழுதுகிறேன். காரணம் கீழே வரும்.

நீ பதில் எழுதவில்லை. அத்தை, உன் அம்மா, பதில் சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். நீ அவர்களுக்கு மட்டும் போன் செய்திருக்கிறாய். கிட்டாரைப் பார்த்ததும் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள், உள்ளே வர ஒரு மணி நேரம் ஆனது.

எல்லாம் சொன்னார்கள். தமிழ்ப்ரியாவுக்குப் பன்னிரண்டு வயதில், யாரும் கூப்பிடாமலே ஆங், வர்றன் என்று எழுந்து போனது. சாமை அறுப்பின்போது அரிவாளைப் போட்டுவிட்டுப் போனவளைப் பள்ளத்தாக்கு விளிம்பில் கண்டுபிடித்தது. உங்கள் அப்பா பூசாரியைக் கூட்டிவந்து, உச்சந்தலை முடியில் ஒரு கற்றை எடுத்து, ஆணியில் சுற்றி, ஊர் எல்லைப் புளிய மரத்தில் அறைந்தது. அன்றைக்கு அந்த முடியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் நீ. பத்து வயது உனக்கு. அதற்கப்புறம் அவளுக்கு ஒன்றுமே இல்லை. பன்னிரண்டாவது வரை படித்தாள், கம்ப்யூட்டர் சென்டரில் என்னைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தா கட்டிக்கினு இருப்பியா என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கட்டியிருப்பேன். ஆனால் சிரித்திருப்பேன். அது அத்தைக்கும் தெரிந்திருக்கிறது.

போன வருஷம் ரோடு போட அந்த மரத்தை வெட்டியபோது நீ லீவு போட்டு ஓடி வந்ததையும் சொன்னார்கள். ஆணி இருந்த துண்டை எரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, போட்டுவிட்டும் போகக் கூடாது. நீ யோசித்து, தோளில் மாட்டித் திரிகிற பொருளாகச் செய்துகொள்கிறேன், எங்க போனாலும் என் ஒடம்போடவே இருக்கட்டும் என்றாயாம். நான் அதைச் சோம்பேறித்தனம் என்று எழுதினேன். உன் மூளை எரிகிறது என்று சொல்லி அவளைச் சிரிக்க வைத்தேன். என்னை மன்னித்துவிடு. இதைவிட நன்றாக மன்னிப்புக் கேட்க எனக்குத் தெரியாது.

இப்போதைய நிலைமை. ஆணியில் கிளிப் போட்டிருந்தால் அவள் இங்கே இருக்கிறாள், ஆனால் பேச்சில்லை, சோறு இறங்குவதில்லை. ஊட்டினாலும் வாயில் வைத்துக்கொண்டே இருக்கிறாள். ஆறு கிலோ குறைந்துவிட்டாள். கிளிப்பை எடுத்தால் பேசுகிறாள், என்னிடம் அல்ல. எழுந்து மேற்கே போகிறாள்.

மூன்றாவது வழி ஒன்று திங்கட்கிழமை தற்செயலாகக் கிடைத்தது. கிளிப்பை எடுத்த நேரத்தில் என் இடது உள்ளங்கை நாலு கம்பிகளின் மேலும் படிந்திருந்தது. கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறையும், அது எந்தக் கிட்டாரிலும் உண்டு. மனித உடம்பே எர்த் மாதிரி வேலை செய்யும். இரைச்சல் அடங்கியது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, சட்ட இன்னா இவ்ளோ அழுக்கா கீது, குளிக்கலியா என்றாள். பதினேழு நாளைக்குப் பிறகு பழையபடி பேசினாள். அப்புறம் அத்தையைப் பார்த்து, நீ எப்பம்மா வந்த, கேவுரு மாவு அரைச்சிக்கினு வந்தியா என்றாள். அத்தை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டார்கள். ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டாள். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். எதைப் பற்றி என்று கேட்காதே, காஸ் புக் பண்ணுவதைப் பற்றி. தண்ணீர் குடிக்கக் கையை எடுத்தேன். பாதிச் சொல்லில் நிறுத்தி, தலையைச் சாய்த்து, ஆங் என்றாள். ஓடிப்போய்க் கையை வைத்தேன். விட்ட சொல்லின் மிச்சத்தைச் சொல்லி முடித்தாள்.

வெற்றிவேலை வைத்துப் பார்த்தேன். அவன் கைக்கு அடங்கவில்லை. அத்தை தொட மாட்டேன் என்கிறார்கள். பொசுக்கியவன் கைக்குத்தான் அடங்குகிறது போலிருக்கிறது. ஆகவே கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் என் கை கம்பியில். நான் கண் அசரும்போது மட்டும் கிளிப். நேற்றிலிருந்து கிளிப் போட்டாலும் அடியில் லேசாக இரைகிறது. ஆணி மரத்தில் ஆடுகிறது. எத்தனை நாள் நிற்கும் என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

அன்று அறைந்த பூசாரி இப்போது உயிரோடு இல்லை. அவர் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அதெல்லாம் அப்பாவோட போச்சுங்க, எனக்கு கியர் போடத்தான் தெரியும் என்றான். அத்தை சொல்வது வேறு. திரும்ப அறையறதுக்குப் பூசாரி வேணாம், முடியப் புடிச்சவன் வேணும், கூடப் பொறந்தவன் வரணும் என்கிறார்கள். உயிர் உள்ள மரம் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டார்கள். புது ஆணியும் தயார். தமிழ்ப்ரியாவிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன், கையைக் கம்பியில் வைத்துக்கொண்டு. உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்தாள். என் முடிய வேற யாரும் தொட வேணாம், அவன் வந்தா குடுக்கறேன் என்றாள்.

ஆக, நீ வந்தால்தான் ஆகும். வேலை போனால் போகட்டும், கச்சேரி போனால் போகட்டும். நீ போனை எடுக்காதது கோபத்தில் இல்லை, பயத்தில் என்று இப்போது புரிகிறது. பத்து வயதில் பிடித்ததை மறுபடி பிடிக்க யாருக்கும் பயமாகத்தான் இருக்கும். எனக்கும் பயமாக இருக்கிறது. இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் முதல் முறையாக எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அத்தைக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாரோ என் பெயரைச் சொன்னார்கள். கடைக்கு யாரோ வந்திருக்கிறார்கள் என்று திரும்பினேன். ஷட்டர் மூடித்தான் இருந்தது. நேற்று இரண்டு முறை. இன்று விடிந்ததிலிருந்து ஐந்து முறை. கேட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. பல்லைக் கடித்துக்கொள்கிறேன். பதில் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று அத்தையிடம் கேட்டேன். எழுந்து போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உன் அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டாள், சொன்னேன். வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினு வரச் சொல்லுங்க, போன தடவ மாதிரி மெளகா போட்டது வேணாம் என்கிறாள்.

கடிதம் கிடைத்த அன்றே கிளம்பு. முன்வாசல் பூட்டியிருக்கும், பின்கதவைத் திறந்து வைக்கச் சொல்கிறேன். தயவுசெய்து வெளியே நின்று அவள் பெயரையோ என் பெயரையோ சொல்லிக் கூப்பிடாதே. கூப்பிடுவது நீதான் என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு சத்தமும் போடாமல் நேராக உள்ளே வந்து, என் கையின் மேல் உன் கையை வை.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்
உன் மாமா
இளஞ்செழியன்